அன்னார் இன்னும் இருக்கிறார்

என் வாழ்க்கையில் சரியாகப் பன்னிரண்டு நாட்கள் நான் நடுநிலையாக இருந்திருக்கிறேன். அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. அந்தப் பன்னிரண்டு நாட்களுக்குள் ஒரு நல்ல மனிதரைச் சாகடித்து, அவர் வீட்டு வாசலிலேயே கதிரை போட வைத்து, பக்கத்துத் தோட்டத்திலிருந்து சாவுக்குத் தப்படிக்கிறவர்களையும் வரவழைத்துவிட்டேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். அந்தக் காக்கையைக் கூப்பிட்டு, "உன் குஞ்சைப் பற்றி நடுநிலையாக, ஆதாரத்தோடு ஒரு கட்டுரை எழுது" என்று சொன்னால் என்ன ஆகுமோ அதுதான் எனக்கு ஆனது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இலங்கை மலையகத்து லிந்துலை டவுனில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை. வீடு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று. கம்ப்யூட்டரில் தமிழ் தட்டத் தெரியும் என்ற ஒரே தகுதிக்காக தோட்டத்தில் எங்கள் பகுதியான மேல் டிவிசனின் மரண உதவிச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டிருந்தார்கள். டிவிசனில் யாராவது தவறிவிட்டால் கூடாரம் அடிப்பது, ஆட்கள் உட்காரக் கதிரை போடுவது, விறகு சேர்ப்பது, வருகிறவர்களுக்குப் பால் சேர்க்காத பிளேன்டீ ஊற்றுவது எல்லாம் சங்கத்தின் வேலை. பத்திரிகைக்கும் வானொலிக்கும் மரண அறிவித்தல் எழுதுவது மட்டும் என் வேலை. அதில் எனக்கு நல்ல பெயர். "தியாகு எழுதினா கல்லும் அழும்" என்பார்கள். (நான் எழுதியதில் பெயர்களைத் தவிர வேறொன்றும் மாறியதில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.)

சங்கத்துக்குத் தலைவர் முத்துவேல். முப்பது வருடம் கங்காணி வேலை பார்த்தவர். ஒரு வீட்டில் இழவு என்றால் அவர்தான் முதலில் போய் நிற்பார், கடைசியில் திரும்புவார். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. பிறப்புச் சான்றிதழில் யாரோ எழுதியவர் அவர் பெயரை 'மொத்துவேலு' என்று எழுதிவிட்டார். அதைப் பார்த்து அடையாள அட்டை, அதைப் பார்த்துத் தோட்டத்துப் பதிவு, அதைப் பார்த்து ஓய்வூதியக் கடிதம். ஓர் இடத்திலாவது தன் பெயரைச் சரியாக எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

எனக்கும் ஓர் ஆசை இருந்தது. அதன் பெயர் செல்வராணி. தலைவரின் ஒரே மகள். தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். எங்களுக்குள் ஒன்றரை வருடமாகப் பேச்சு. "அப்பாகிட்ட நீங்கதான் வந்து கேக்கணும்" என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள். நானோ, தலைவர் மனம் குளிர்கிற மாதிரி ஒரு காரியத்தைச் செய்துவிட்டுக் கேட்கலாம் என்று காத்திருந்தேன். (பயம் என்பதைத்தான் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்.)

அந்தக் காரியம் தானாகவே வந்து சேர்ந்தது. கீழ் டிவிசன் சங்கத் தலைவர் பெருமாள், எங்கள் தலைவருக்கு ஜென்மப் பகையாளி. ஏதோ ஒரு கூடாரத்தை இரவல் கொடுத்து, அது கிழிந்து திரும்பி வந்ததில் ஆரம்பித்து மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அந்தப் பெருமாள் தன் சங்கத்துக்கு முகநூலில் பக்கம் ஆரம்பித்துவிட்டார் என்ற செய்தி ஒரு நாள் மேலே ஏறி வந்தது.

தலைவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அதெல்லாம் யாரு வேணும்னாலும் போட்டுக்கிறது. உலகத்துல உள்ள விசயம் எல்லாம் ஒரே எடத்துல எழுதி வெச்சிருக்காங்களாமே, அதுல நம்ம சங்கம் வரணும்."

அவர் சொன்னது இணையக் கலைக்களஞ்சியத்தை. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது அதன் பெருமை. யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்றே உட்கார்ந்து எழுதினேன். 'கண்ணீர் துடைக்கும் கரங்களாய், கார்மேகக் கொடைவள்ளலாய்' என்று தொடங்கி, 'மலையகத்தின் மாணிக்கம் முத்துவேல் ஐயா அவர்களின் பொற்பாதங்களில்' என்று முடித்தேன். பதினான்கு நிமிடத்தில் அழிந்துபோனது. அழித்தவர் பெயர் நீலவண்டு. அங்கே எல்லோருக்கும் இப்படிப் புனைபெயர்தான். ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்த நாடு, இன்றுவரை எனக்குத் தெரியாது. குறிப்பு மட்டும் எழுதியிருந்தார்: 'வணக்கம். பங்களிப்புக்கு நன்றி. விளம்பரம் போல் உள்ளது. நீக்கப்பட்டது. கட்டுரைப் பொருளோடு உங்களுக்குத் தொடர்பு ஏதும் உண்டா?'

சாவுக்கு எவனாவது விளம்பரம் போடுவானா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டு, 'தொடர்பு இல்லை' என்று பதில் எழுதினேன். எழுதும்போது நான் உட்கார்ந்திருந்த கதிரையின் முதுகில் 'மேல் டிவிசன் ம.உ.ச.' என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தது.

இரண்டாவது தடவை நான் ஒரேயடியாக நடுநிலைக்குப் போய்விட்டேன். 'சங்கத்திடம் கதிரைகள் உள்ளன. சில உடைந்தவை. சங்கத்துக்கு ஒரு தலைவர் உண்டு. அவருக்கு அடிக்கடி கோபம் வரும். சங்கம் பிளேன்டீ வழங்குகிறது. சீனி குறைவு என்ற கருத்தும் உண்டு.' இதை நீலவண்டு அழிக்கவில்லை. வரிக்கு வரி 'சான்று தேவை' என்று ஒட்டிவிட்டார். கதிரைக்குச் சான்று தேவை. கோபத்துக்குச் சான்று தேவை. சீனிக்கும் சான்று தேவை.

தலைவரிடம் போய் நிலைமையைச் சொன்னேன். (கோபத்தைப் பற்றி எழுதியதைச் சொல்லவில்லை.)

"சான்றுன்னா என்னா தம்பி?"

"அச்சுல வந்திருக்கணுங்களாம். பேப்பர்லயோ புஸ்தகத்துலயோ."

"நம்ம ஆளுங்க பேரு பேப்பர்ல வரணும்னா செத்துல்ல போகணும்?" என்றார் தலைவர்.

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. உண்மையும் அதுதான். சங்கத்தில் ஓடி ஓடி உழைக்கிற ஒருவர் பெயரும் எந்தப் பேப்பரிலும் வந்ததில்லை. ஆனால் செத்துப்போன பழைய தலைவர்கள் அத்தனை பேருக்கும் சான்று இருந்தது. எல்லாம் நான் எழுதிய, எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதிய மரண அறிவித்தல்கள். கோப்பில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தோம். அவற்றை எடுத்துப் போட்டதும் நீலவண்டு கொஞ்சம் இளகினார். இப்போதைய தலைவரைப் பற்றியும் ஒரு பத்தி எழுதலாம், ஆனால் 'அலங்காரம் இல்லாமல், வெறும் தகவலாக, படர்க்கையில்' இருக்க வேண்டும் என்றார்.

அலங்காரம் இல்லாமல் வெறும் தகவலாகப் படர்க்கையில் ஒரு மனிதரைப் பற்றி எழுத எனக்கு உலகத்தில் ஒரே ஒரு முறைதான் தெரியும். கை தானாகவே எழுதியது:

'வலப்பனையைப் பிறப்பிடமாகவும் லிந்துலையை வசிப்பிடமாகவும் கொண்ட முத்துவேல் அவர்கள் இச்சங்கத்தின் தலைவர். அன்னார், காலஞ்சென்றவர்களான சடையன், பேச்சாயி தம்பதியரின் அன்பு மகனும், மாரியாயியின் அன்புக் கணவரும், செல்வராணியின் பாசமிகு தந்தையும்...'

இந்த இடத்தில்தான் சனி பிடித்தது. தந்தைக்கு அடுத்தது மாமனார். அறிவித்தல் எழுதி எழுதிப் பழகிய கைக்கு அந்த இடத்தைக் காலியாக விட மனம் வரவில்லை. 'தியாகராஜாவின் அன்பு மாமனாரும் ஆவார்' என்று அடித்துப் பார்த்தேன். தியாகராஜா என்பது அடியேன்தான். திரையில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அழித்துவிட்டுத்தான் அனுப்பினேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். அந்தச் சத்தியத்துக்கும் சான்று இல்லை.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் பார்த்தேன். 'கட்டுரை ஏற்கப்பட்டது.' அதற்குக் கீழே நீலவண்டு இன்னொரு வரியும் எழுதியிருந்தார். அதை நான் வாசிக்கவில்லை. வரிக்கு வரி வெட்டுகிற மனிதர் 'அன்பு', 'பாசமிகு' எதையும் தொடாமல் விட்டிருக்கிறாரே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோசத்தில் கண் மண் தெரியவில்லை. அந்தப் பத்தியை அப்படியே படமெடுத்து, சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, மேலே ஒரு வரியும் எழுதினேன்: 'நமது தலைவர் என்றும் அழியாத இடத்தை அடைந்துவிட்டார்.'

போட்டுவிட்டு, கடைக்கு மை வாங்க ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். கொட்டகலை தாண்டுவதற்குள் என் போன் சார்ஜ் தீர்ந்து உயிரை விட்டது. அன்றைக்கு உண்மையிலேயே உயிரை விட்டது அது ஒன்றுதான்.

பின்னேரம் அதே வழியாகத் திரும்பி வந்தேன். தலவாக்கலையில் பஸ் நின்றபோது ஏறியவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் முத்துவேல் தலைவர். காலையில் முதல் ரயிலில் பட்டிப்பொலைக்குத் தங்கையைப் பார்க்கப் போனவர், போனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறார். கையில் தங்கை சமையலுக்குக் கொடுத்தனுப்பிய லீக்ஸ் கட்டு.

"தலைவரே, வந்திருச்சுங்க!" என்று கத்தினேன்.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மெய்யாவா? பேரு சரியா போட்டிருக்கா தம்பி?"

"முத்துவேல்னுதாங்க போட்டிருக்கு. எழுத்து மாறல."

அவர் லீக்ஸ் கட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். லிந்துலை வந்த பிறகுதான், "ரொம்ப சந்தோசம் தம்பி" என்றார். இன்றைக்கே கேட்டுவிடலாம், இதைவிட நல்ல நேரம் வராது என்று நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன்.

தோட்டத்துப் பாதையில் இறங்கியபோது நல்ல பனி. நாலு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பாதை ஓரத்தில் ஒருவர் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டிருந்தார். குரலை வைத்துத்தான் அது சின்னசாமி அண்ணன் என்று தெரிந்தது.

"யாரு தவறினாங்க?" என்றார் தலைவர்.

சின்னசாமி திரும்பிப் பார்க்கவில்லை. வாயில் நூலைக் கடித்துக்கொண்டே, "தலைவருதாங்க. காலையில" என்றார்.

தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெருமாளு போயிட்டானா?" என்றார். கொஞ்ச தூரம் நடந்ததும் குரல் உடைந்துவிட்டது. "மூணு வருசமா பேசாம இருந்துட்டேன் தம்பி. ஒரு கிழிஞ்ச துணிக்காக. பெரிய பாவம் பண்ணிட்டேன்." கொடிகள் கீழ் டிவிசன் பக்கம் போகாமல் மேலே எங்கள் பக்கம் திரும்பின. அதற்கும் அவரே காரணம் கண்டுபிடித்தார். "அவன் மகள நம்ம லயத்துலதான குடுத்திருக்கு. அங்க கொண்டாந்திருப்பாங்க." உடனே தலைவர் வேலையையும் ஆரம்பித்துவிட்டார். "கதிரை போயிருச்சான்னு பாருங்க. கீழ் டிவிசன்னு பாக்காதீங்க, நல்ல கூடாரத்தயே எடுங்க. அறிவித்தல் நீங்களே எழுதுங்க தம்பி, நல்லா எழுதுங்க."

நல்ல கூடாரம்தான் அடித்திருந்தார்கள். தலைவரின் சொந்த வீட்டு வாசலில்.

சங்கம் அன்றைக்கு வேலை செய்த மாதிரி அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. கதிரை வரிசை கோடு போட்ட மாதிரி இருந்தது. ஒரு பக்கம் விறகு, ஒரு பக்கம் அண்டாவில் தண்ணீர் கொதிக்கிறது. தப்பைத் தீயில் காய்ச்சுகிறார்கள். கொழுந்து பறிக்கப் போன பெண்கள் கூடையோடு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் வரிசையில், துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தவர் கீழ் டிவிசன் பெருமாள்.

முத்துவேல் நின்றார். பெருமாள் நிமிர்ந்தார்.

"நீ சாகலயா?" என்றார் முத்துவேல்.

"நீ சாகலயா?" என்றார் பெருமாள்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை ஒழுங்காகச் சொல்ல முடியாது. முத்துவேல் தலைவரின் மனைவி மாரியாயி அம்மா ஒரு அலறல் அலறி மயங்கி விழுந்தார். தப்புக்காரர்களில் ஒருவர் பதற்றத்தில் அடிக்கவே ஆரம்பித்துவிட்டார். மரணத்தைப் பதிய வந்திருந்த கிராம சேவகர், "அனே, மே இன்னே!" (ஐயோ, இதோ இருக்கிறாரே!) என்று சிங்களத்தில் கத்திக் கையிலிருந்த படிவத்தைக் கீழே போட்டார். செல்வராணி ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். காலையிலிருந்து அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. அவர் தோளுக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு இருபத்தேழு தடவை போன் எடுத்திருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது. வேடிக்கையாக எழுதினாலும் அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

உடல் வந்து சேரும் என்று காத்திருந்தவர்களுக்குள், பட்டிப்பொலையில் நெஞ்சு வலித்து விழுந்துவிட்டார், ரயில் மோதிவிட்டது என்று ஆளுக்கொரு கதை ஓடியிருக்கிறது. வேர் எங்கே என்று தேடினால் எல்லா விரலும் என் வாட்ஸ்அப் செய்தியைக் காட்டின. "காலமானார்னு நான் எங்கயும் எழுதலீங்களே" என்றேன்.

"அன்னாருன்னு போட்டிருக்கியே! உசிரோட இருக்கவன எவன்டா அன்னாருன்னு சொல்லுவான்?" என்று பெருமாள் பாய்ந்தார்.

தலைவர் மட்டும் கோபப்படவில்லை. தனக்காகப் போட்டிருந்த கதிரைகளில் ஒன்றில் உட்கார்ந்தார். யாரோ ஒருவரின் போனை என்னிடம் நீட்டி, "வாசிங்க தம்பி. நான் செத்ததுக்கு என்னா எழுதியிருக்கீங்கன்னு கேப்போம்" என்றார்.

நான் வாசித்தேன். வலப்பனையைப் பிறப்பிடமாகவும். லிந்துலையை வசிப்பிடமாகவும். முத்துவேல் அவர்கள்.

"நிறுத்துங்க. பேர காட்டுங்க." போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்று திருப்பித் தந்தார். "மேல வாசிங்க."

சடையன், பேச்சாயி தம்பதியரின் அன்பு மகனும். மாரியாயியின் அன்புக் கணவரும். செல்வராணியின் பாசமிகு தந்தையும்... அடுத்த வரி கண்ணில் பட்டதும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். காலையிலிருந்து அறுபது எழுபது பேர் பார்த்த பத்திதான். ஆனால் 'அன்னார்' வந்த இடத்திலேயே எல்லோரும் அழ ஆரம்பித்துவிட்டதால் கடைசி வரிவரை யாருமே போகவில்லை.

"என்னா நின்னுட்டீங்க?"

பெருமாள் போனைப் பறித்து உரக்க வாசித்தார். "தியாகராஜாவின் அன்பு மாமனாரும் ஆவார். யாரு இது தியாகராஜா?"

"நம்ம செக்கரட்டரிதான்" என்றது ஒரு பெண் குரல். ஓடலாமா என்று பார்த்தேன். பின்னால் ஐந்து வரிசைக் கதிரை. நெருக்கமாகப் போடச் சொல்லிப் பழக்கியவன் நானேதான்.

தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெறந்த ஊரு சரி. அப்பா பேரு, ஆத்தா பேரு சரி. பொண்டாட்டி, புள்ள எல்லாம் சரி. இந்தக் கடைசி வரி இருக்கே தம்பி, அதுக்குச் சான்று இருக்கா?"

ஒன்றரை வருடம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த அத்தனை வசனமும் பனியில் போய்விட்டது.

"இருக்குப்பா" என்றாள் செல்வராணி.

வாசற்படியில் அம்மாவுக்கு விசிறிக்கொண்டு நின்றவள், தலையைக் குனியாமல் நேராகவே சொன்னாள். தலைவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். லீக்ஸ் கட்டைப் பக்கத்துக் கதிரையில் வைத்தார். "சரி, வந்தவங்களுக்கு டீ ஊத்துங்க" என்றார். "சீனி நல்லா போடுங்க." சம்மதம் என்பதை அவர் அவ்வளவுதான் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து முதல் கோப்பையை வாங்கியவர் பெருமாள்.

மறுநாள்தான் நீலவண்டு எழுதிய இரண்டாவது வரியை வாசித்தேன். 'உங்கள் இழப்புக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்.' பாவம், நல்ல மனம் படைத்தவர். 'அன்னார் உயிருடன் இருக்கிறார்' என்று உடனே பதில் எழுதினேன். அதற்கு வந்த பதில் இரண்டே சொல்: 'சான்று தேவை.' தலைவர் அன்றைய பேப்பரைக் கையில் பிடித்தபடி கம்பீரமாக நின்று படம் எடுத்துக்கொண்டார். அதை ஏற்கவில்லை. பெயருக்குச் சான்றாக அடையாள அட்டையை அனுப்பினால் அதில் மொத்துவேலு. கடைசியில் 'எழுதியவர் கட்டுரைப் பொருளின் உறவினர்' என்று காரணம் காட்டிக் கட்டுரையையே எடுத்துவிட்டார்கள். அதில் மட்டும் அவர்கள் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. அப்போது எங்களுக்கு நிச்சயம் ஆகியிருந்தது.

இப்போது எங்கள் வீட்டில் யாரும் எதையும் லேசில் நம்புவதில்லை. பஸ் பிந்திவிட்டது என்று நான் சொன்னால், "சான்று தேவை" என்பாள் செல்வராணி. பல் விளக்கிவிட்டேன் என்று மகள் சொன்னால் அவளுக்கும் அதுதான். நான் ஏதாவது சண்டையில் யார் பக்கமும் பேசாமல் இருந்தால், "நடுநிலையா இருக்காதீங்க, யாராச்சும் செத்துருவாங்க" என்பாள்.

மாமா எழுபதைத் தாண்டிவிட்டார். செத்துப் பிழைத்தவருக்கு ஆயுசு கெட்டி. அந்தப் பத்தியைக் கடையில் பெரிதாக அச்செடுத்து உறைபோட்டுக் கொடுத்தேன். தன் பெயர் சரியாக இருக்கிற ஒரே தாள் என்று பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார். காலம் வரும்போது வேறு அறிவித்தல் எழுத வேண்டாமாம், அதையே பேப்பருக்குக் கொடுத்துவிட வேண்டுமாம்.

போன கிழமை, நீங்கள் இப்போது வாசிக்கிற இந்தக் கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க மாப்பிள்ளை" என்றார். "அன்பு மாமனாருன்னு ஒரு எடத்துல வருது பாருங்க. மாமனாருக்கு அன்னைக்கே சான்று கெடச்சிருச்சு. அந்த அன்புக்குத்தான் இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்."